ஜேன் ஆஸ்டின் நாவல்களில் கல்யாணமும் ‘மாட்டேன்’ என்ற சொல்லும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊர் நூலகத்தின் மாடியில் மாதம் இரண்டு ஞாயிறு கூடிப் புத்தகம் படிக்கிறோம். போன வருஷம் முழுக்க ஜேன் ஆஸ்டின்தான். ஆள் மாறினாலும் கேள்வி மாறவில்லை. புதிதாக ஒருவர் வந்து உட்கார்ந்ததும் பழைய சந்தேகம் மறுபடி கிளம்பும். வாயால் சொல்லி அலுத்துப்போய் எழுதி வைத்தேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். நான் வங்கியில் டெபாசிட் கவுண்டரில் வருஷக்கணக்காக உட்கார்ந்தவள்; அதனால் பதில்களில் பவுண்டும் வட்டியும் கொஞ்சம் தூக்கலாக இருக்கும். ஆஸ்டினும் அப்படித்தான் என்பதால் எனக்குக் கூச்சமில்லை.

யாரு இந்த ஜேன் ஆஸ்டின்? எந்தக் காலத்துக் கதை இதெல்லாம்?

இங்கிலாந்தில் ஹாம்ப்ஷயர் பக்கம் ஒரு பாதிரியாரின் மகள். 1775இல் பிறந்து 1817இல், 41 வயதில் இறந்தார். முதல் நாவலான ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’ 1811இல் வந்தபோது முகப்புப் பக்கத்தில் அவர் பெயரே இல்லை. ‘ஒரு பெண்மணி எழுதியது’ என்று மட்டும் போட்டிருந்தது. 1813இல் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’, 1814இல் ‘மான்ஸ்ஃபீல்ட் பார்க்’. முடித்த நாவல்கள் மொத்தம் ஆறு.

எங்களிடம் வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ பற்றியவை. படிக்காதவர்களுக்காகக் கதை இரண்டு வரியில்: பென்னட் தம்பதிக்கு ஐந்து பெண்கள், பையன் இல்லை. பிங்லி என்ற பணக்கார இளைஞன் பக்கத்துப் பெரிய வீட்டுக்குக் குடிவருகிறான், கூடவே அவனைவிடப் பணக்கார நண்பன் டார்சி. இரண்டாவது பெண் எலிசபெத்துக்கும் டார்சிக்கும் நடுவில் முதலில் உரசல், கடைசியில் கல்யாணம்.

பென்னட் அம்மாவுக்கு ஏன் இவ்வளவு பறப்பு? எப்பப் பாரு கல்யாணம், கல்யாணம்னு?

கணக்குப் போட்டுப் பாருங்கள். பென்னட்டின் நிலத்திலிருந்து வருஷத்துக்கு 2,000 பவுண்டு வருகிறது. அவர் கண்ணை மூடினால் அந்த நிலமும் குடியிருக்கும் வீடும் தூரத்துச் சொந்தமான காலின்ஸுக்குப் போய்விடும். தாய்க்கும் பெண்களுக்குமாகக் கல்யாண ஒப்பந்தத்தில் எழுதிவைத்தது 5,000 பவுண்டு. நாலு சதவீத வட்டி என்றால் வருஷத்துக்கு 200. ஆறு பேர், வேறு வீடு, பழைய வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு.

அந்த அம்மா பேசுவது சத்தமாக, அசட்டுத்தனமாக, சபை தெரியாமல் இருக்கும். நாமும் சிரிக்கிறோம். ஆனால் அந்த வீட்டில் நாளையைப் பற்றிக் கவலைப்படும் பெரியவர் அவர் ஒருவர்தான். அப்பா நூலக அறைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொள்கிறார்.

அந்த அப்பா உயில் எழுதிப் பொண்ணுங்களுக்கே கொடுத்திருக்கலாமே?

முடியாது. ஆண் வாரிசுக்கு மட்டுமே போகவேண்டும் என்று முன்னோர்கள் பத்திரத்தில் கட்டிப்போட்ட சொத்து அது. கையிலிருப்பவர் வருமானத்தை அனுபவிக்கலாம், விற்கவோ வேறு பெயருக்கு எழுதவோ முடியாது. நாட்டுக்கே பொதுவான சட்டம் என்று நினைக்க வேண்டாம், குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். அதே நாவலில் வரும் பெரிய இடத்துச் சீமாட்டி லேடி கேதரின், எங்கள் வீட்டில் இப்படிப் பெண் வாரிசை ஒதுக்கவேண்டிய தேவை வரவில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்.

பையன் பிறந்து வயதுக்கு வந்தால் அப்பாவும் மகனும் சேர்ந்து கட்டை உடைக்கலாம். பென்னட் அதை நம்பித்தான் உட்கார்ந்திருந்தார். பையன் பிறக்கத்தான் போகிறான், சேமிப்பு எதற்கு என்று வந்ததையெல்லாம் செலவழித்தார். வரிசையாக ஐந்தும் பெண். அதற்குப் பிறகு சேமிக்க ஆரம்பிக்க நேரம் கடந்துவிட்டது என்று விட்டுவிட்டார். இந்த மாதிரி அப்பாக்களைக் கவுண்டரில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

வேலைக்குப் போயிருக்கலாமே?

அந்த வர்க்கத்துப் பெண்ணுக்குக் கௌரவம் குறையாமல் இருந்த வேலை ஏறக்குறைய ஒன்றுதான்: பணக்கார வீட்டில் தங்கிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தருவது. ‘எம்மா’ நாவலில் ஜேன் ஃபேர்ஃபாக்ஸ் என்ற பெண் அந்த வேலைக்குப் போகும் நாளை நினைத்து நடுங்குகிறாள். ஆள் பிடித்துத் தரும் அலுவலகங்களை, மனித உடலை இல்லாவிட்டாலும் மனித அறிவை விற்கும் இடங்கள் என்கிறாள். சம்பளம் எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால் 1847இல் வந்த சார்லட் பிராண்டியின் ‘ஜேன் ஐர்’ பாருங்கள். அவள் வருஷத்துக்கு 30 பவுண்டு வாங்குகிறாள், அதுவே முந்தைய பள்ளிச் சம்பளத்தைப் போல் இரண்டு மடங்கு. டார்சியின் வருஷ வருமானம் 10,000.

அங்கேயும் வரதட்சணை உண்டா?

பெண்ணோடு பணம் போனது உண்மை. யாருக்கு எவ்வளவு என்று ஊரே வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்கும். பிங்லியின் தங்கைக்கு 20,000, டார்சியின் தங்கைக்கு 30,000. எலிசபெத்துக்கு அம்மா காலத்துக்குப் பிறகு வெறும் 1,000. காலின்ஸ் அவளைப் பெண் கேட்கும்போதே, நாலு சதவீதப் பத்திரத்தில் இருக்கும் அந்த ஆயிரத்தைப் பற்றி நான் வாயே திறக்க மாட்டேன் என்று வாயைத் திறந்து சொல்கிறார்!

கல்யாணமான பெண்ணின் கையிருப்பும் சம்பாத்தியமும் சட்டப்படி கணவனுடையவை. 1870, 1882 சட்டங்கள் வந்த பிறகுதான் அது மாறியது. அதனால் விவரமான குடும்பங்கள் கல்யாணத்துக்கு முன்பே ஒப்பந்தம் எழுதி, பெண்ணின் கைச்செலவுக்கு இவ்வளவு, விதவையானால் இவ்வளவு என்று கட்டிவைப்பார்கள். எங்கள் வட்டத்தில் ஒரு அம்மா, “நம்ம ஊர்ல நகையை மட்டும் எழுதி வாங்கியிருந்தாலே போதும்” என்றார். அன்றைக்கு மீதி நேரம் முழுக்க நகைப் பேச்சாகவே ஓடியது.

அவங்க ஊர்ல காதல் கல்யாணம்தானே, பெத்தவங்க சம்மதம் எதுக்கு?

21 வயது ஆகவில்லை என்றால் சம்மதம் வேண்டும். 1753இல் வந்த கல்யாணச் சட்டம் அப்படி. தேவாலயத்தில் மூன்று ஞாயிறு அறிவிக்க வேண்டும், இல்லாவிட்டால் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். ஸ்காட்லாந்துக்கு இந்தச் சட்டம் செல்லாது. அதனால் எல்லை தாண்டியதும் வரும் கிரெட்னா கிரீன் என்ற கிராமம் ஓடிப்போகிறவர்களின் ஊராக ஆகிவிட்டது.

பென்னட் வீட்டுக் கடைக்குட்டி லிடியா, 16 வயது, அங்கே போவதாகச் சீட்டு எழுதிவைத்துவிட்டு விக்கம் என்ற அதிகாரியோடு ஓடுகிறாள். உண்மையில் லண்டனில் கல்யாணம் ஆகாமல் ஒளிந்திருக்கிறார்கள். அவனைத் தாலி கட்ட வைக்க (நம் பாஷையில் சொல்கிறேன்) ஆன செலவு: ஆயிரம் பவுண்டுக்கு மேல் கடன் அடைத்தது, லிடியா பெயரில் இன்னும் ஆயிரம், ராணுவத்தில் புதுப் பதவி வாங்கிக் கொடுத்தது. எல்லாம் டார்சி ரகசியமாகக் கொடுத்தது. ஓடியது ஒருத்தி, சந்தை விழுந்தது ஐந்து பேருக்கும். இதற்கு லிடியா செத்திருந்தால்கூடத் தேவலை என்று காலின்ஸ் ஆறுதல் கடிதம் எழுதுகிறார். அந்த ஆள் பாதிரியார்.

அப்போ பொண்ணுக்குன்னு எந்தச் சுதந்திரமும் இல்லையா?

ஒன்று இருந்தது. ‘நார்த்தாங்கர் அபி’யில் கதாநாயகன் நடனத்தையும் கல்யாணத்தையும் ஒப்பிட்டுப் பேசும்போது போகிறபோக்கில் சொல்கிறான்: இரண்டிலும் தேர்ந்தெடுக்கும் வசதி ஆணுக்கு, மறுக்கும் அதிகாரம் மட்டும் பெண்ணுக்கு. நான் படித்தவரையில் ஆறு நாவல்களுக்கும் இதுதான் சாவி. ஆஸ்டினின் பெண்கள் ‘இவர் வேண்டும்’ என்று போய்க் கேட்க முடியாது. ‘மாட்டேன்’ என்று சொல்லலாம். அதைச் சொல்ல யாரால் முடிகிறது, சொன்னால் யார் வீட்டில் அடுப்பு எரியும் என்பதைத்தான் அவர் திரும்பத் திரும்ப எழுதினார்.

சொன்னாலும் எதிராளி காதில் ஏற வேண்டும். எலிசபெத் தெளிவாக மறுத்த பிறகும் காலின்ஸ் நம்பவில்லை. நல்ல குடும்பத்துப் பெண்கள் மனதுக்குள் ஒப்புக்கொண்டு வாயால் ஒருமுறை மறுப்பார்கள், இரண்டு மூன்று முறைகூட மறுப்பார்கள் என்கிறார். அம்மாவோ, அவனைக் கட்டாவிட்டால் உன் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று குதிக்கிறார். அப்பா மகளைக் கூப்பிட்டு, கட்டாவிட்டால் அம்மா உன் முகத்தில் விழிக்க மாட்டாள், கட்டினால் நான் விழிக்க மாட்டேன் என்கிறார். சேமிக்கத் தெரியாத அப்பா மகளுக்குச் செய்த ஒரே பெரிய உதவி இந்த ஒரு வாக்கியம்.

ஷார்லட் அந்தக் காலின்ஸைப் போய்க் கட்டிக்கிட்டாளே, தன்னைத்தானே வித்துக்கிட்ட மாதிரி இல்லையா?

எங்கள் வட்டத்தில் அதிகம் சண்டை வந்தது இதில்தான். ஷார்லட் லூகஸ் எலிசபெத்தின் உயிர்த்தோழி. 27 வயது, அழகில்லை, பணமில்லை. எலிசபெத் மறுத்த மூன்றாம் நாள் காலின்ஸ் தன் வீட்டுப் பக்கம் வருவதை மாடி ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டு, தற்செயலாக எதிரே வருவதுபோல் தெருவில் இறங்கி நடக்கிறாள். சம்பந்தம் முடிந்ததும் வீட்டில் அவரவர் கணக்கு. பென்னட் இன்னும் எத்தனை வருஷம் இருப்பார் என்று அம்மா எண்ணுகிறார். தங்கைகளுக்கு விருந்துகளுக்குப் போகும் வயது ஓரிரு வருஷம் முன்னால் வந்த சந்தோஷம். அக்கா முதிர்கன்னியாகவே செத்துப்போவாளோ என்ற பயம் தம்பிகளுக்கு விட்டது.

விற்றுக்கொண்டாள் என்று சொல்லும் முன் அவள் வீட்டைப் போய்ப் பாருங்கள். எலிசபெத் விருந்தாளியாகப் போகும்போது, ஷார்லட் பகலில் உட்கார வீட்டின் பின்பக்க அறையை எடுத்துக்கொண்டிருப்பது விநோதமாகப் படுகிறது. முன்பக்கச் சாப்பாட்டு அறை பெரியது, வெளிச்சமும் நல்லது. பிறகுதான் புரிகிறது: காலின்ஸின் அறை தெருவைப் பார்த்தது. மனைவியின் அறையும் அதே மாதிரி கலகலப்பாக இருந்தால் மனிதர் எழுந்து வந்து இங்கேயே உட்கார்ந்துவிடுவார். தோட்ட வேலை உடம்புக்கு நல்லது என்று அவரை வெளியே அனுப்பிவைப்பதும் அவள்தான். கணவனை மாற்ற அவள் முயலவே இல்லை, அறையை மாற்றிக்கொண்டாள். என் அத்தை ஒருவர் மதியம் இரண்டு முதல் நாலு வரை மொட்டை மாடியில் வடகம் காயவைப்பார், மழைக்காலத்திலும்.

எலிசபெத்துக்கு அப்பா துணை இருந்துச்சு. யாரும் இல்லாத பொண்ணு மாட்டேன்னா என்ன ஆகும்?

அதற்குத்தான் ‘மான்ஸ்ஃபீல்ட் பார்க்’. ஃபேனி ஏழை வீட்டுப் பெண், பணக்காரப் பெரியப்பா சர் தாமஸ் வீட்டில் வளர்கிறாள். ஹென்றி கிராஃபர்ட் என்ற பசையுள்ள மாப்பிள்ளை கேட்கிறான். அவன் குணம் அவளுக்குத் தெரியும், மாட்டேன் என்கிறாள். சர் தாமஸ் அவள் அறைக்கு ஏறி வருகிறார். வெளியே பனி, கணப்பில் நெருப்பில்லை. இவளுக்கு நெருப்பு தேவையில்லை என்று வீட்டுப் பெரியம்மா ஒருத்தி முடிவு செய்து வருஷக்கணக்காகிறது. அந்தக் குளிரில் நிற்க வைத்துத் திட்டுகிறார்: பிடிவாதம், நன்றிகெட்டதனம், இந்தக் காலத்து இளம்பெண்களிடம்கூடப் பரவிவிட்ட அந்தச் சுயேச்சை மனப்பான்மை. ‘இந்தக் காலத்துப் பொண்ணுங்க’ வசனம் 1814லேயே வந்தாயிற்று. அறையை விட்டுப் போனவர் அன்றே கணப்பு மூட்டவும் சொல்லிவிடுகிறார். ஃபேனி அந்த நெருப்பைப் பார்த்துக் கண்கலங்குகிறாள். எனக்கு அந்த இடம் அடி விழுந்ததைவிட மோசமாகத் தெரிகிறது.

பிறகு அவர் அவளைப் பிறந்த வீட்டுக்கு, போர்ட்ஸ்மவுத்துக்கு, அனுப்புகிறார். நல்ல வருமானத்தின் அருமை தெரியட்டும் என்பது கணக்கு. அரைகுறையாகக் கழுவிய தட்டில் வரும் சாப்பாடு இறங்காமல், சாயங்காலம் தம்பிகளைக் கடைக்கு அனுப்பி பிஸ்கட்டும் பன்னும் வாங்கிச் சாப்பிடுகிறாள். அப்படியும் மசியவில்லை. நோஞ்சான், வாயில்லாப்பூச்சி என்று எங்கள் வட்டத்தில் யாருக்கும் ஃபேனியைப் பிடிக்காது. எலிசபெத்தைவிட அதிகம் பணயம் வைத்தவள் இவள்தான் என்பது என் கட்சி.

ஆம்பளைங்க இஷ்டத்துக்குக் கட்டிக்கலாம் இல்லையா?

மூத்தவனாக இருந்தால் ஓரளவு. இளையவனுக்கு நிலம் கிடையாது. பிரபுவின் இளைய மகன் ஒருவன் எலிசபெத்திடம், எங்களைப் போன்றவர்கள் பணத்தைப் பார்க்காமல் கட்ட முடியாது என்று நாசூக்காகச் சொல்கிறான். அவள் அசரவில்லை: ஒரு பிரபுவின் இளைய மகனுக்கு என்ன விலை, அண்ணன் ரொம்ப நோயாளியாக இல்லாவிட்டால் ஐம்பதாயிரத்துக்கு மேல் கேட்க மாட்டீர்கள்தானே என்கிறாள். நம் ஊர் மாப்பிள்ளை விலைப் பட்டியல் ஞாபகம் வராதவர்கள் கை தூக்கலாம்.

கடைசியில எலிசபெத்தும் பணக்காரனைத்தானே கட்டினா? பெம்பர்லி மாளிகையைப் பார்த்து மயங்கிட்டா.

எப்போதிருந்து அவரைப் பிடித்தது என்று அக்கா கேட்கும்போது, டார்சியின் பெம்பர்லி தோட்டத்தை முதலில் பார்த்த நாளிலிருந்து என்று எலிசபெத்தே சொல்கிறாள். அது கேலி, அக்காவே அதட்டுகிறாள். ஆனால் ஆஸ்டின் சும்மா எழுதுகிறவர் இல்லை. அந்தத் தோட்டத்தில் நிற்கும்போது, இதற்கெல்லாம் எஜமானியாக இருப்பதும் ஒரு விஷயம்தான் என்று அவள் மனதில் ஓடுகிறது. அதை அவர் மறைக்கவில்லை.

தேதியைப் பாருங்கள். 10,000 என்ற தொகை டார்சி முதல் நடனத்துக்குள் நுழைந்த ஐந்து நிமிஷத்தில் ஊருக்கே தெரியும். அவன் ஏப்ரலில் முதல்முறை கேட்டபோது அவள் மறுத்தது அந்தத் தொகையைத் தெரிந்துகொண்டுதான், அம்மாவின் 200 பவுண்டுக் கணக்கையும் தெரிந்துகொண்டுதான். இரண்டாம் முறை கேட்கும்போது அவன் மாறியிருந்தான். உங்கள் மனம் இன்னும் ஏப்ரலில் இருந்த மாதிரியே இருந்தால் சொல்லிவிடுங்கள், இனி இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன் என்கிறான். காலின்ஸுக்கு மறுப்பு காதில் ஏறவில்லை என்று மேலே சொன்னேனே, அதை இதன் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

கல்யாணம் ஒத்துவரலைன்னா? விவாகரத்து இருந்துச்சா?

1857 வரை, மறுமணம் செய்துகொள்ளும்படியான விவாகரத்துக்கு நாடாளுமன்றத்தில் தனிச் சட்டமே போட வேண்டும். செலவை நினைத்துப் பாருங்கள். அப்படிப் பெற்ற பெண்கள் மொத்தம் நாலே பேர். 1857க்குப் பிறகும் கணவனுக்கு மனைவியின் தவறான உறவு மட்டும் போதும். மனைவி கூடுதலாகக் கொடுமையையோ கைவிட்டதையோ நிரூபிக்க வேண்டும். ‘மாட்டேன்’ என்பதைக் கல்யாணத்துக்கு முன்பே சொல்லியாக வேண்டிய காரணம் இது.

‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’ படம் இவங்க கதைதானா?

ஆமாம், ராஜீவ் மேனன் 2000இல் எடுத்த அந்தப் படத்துக்கு மூலம் ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’. படம் பார்த்தவர்களும் நாவலின் இரண்டாம் அத்தியாயத்தை மட்டுமாவது படியுங்கள். அப்பா சாகும்போது மாற்றாந்தாயையும் தங்கைகளையும் பார்த்துக்கொள்கிறேன் என்று மகன் ஜான் வாக்குக் கொடுக்கிறான். 3,000 பவுண்டு தர நினைக்கிறான். மனைவி பேச ஆரம்பிக்கிறாள். தொகை பாதியாகிறது. பிறகு மாற்றாந்தாய்க்கு வருஷம் நூறு போதுமா என்கிறான். வருஷப் படி வாங்குகிறவர்கள் லேசில் சாக மாட்டார்கள் என்கிறாள் அவள் (எங்கள் பென்ஷன் பிரிவில் இதை ஒட்டிவைத்திருக்கலாம்). அவ்வப்போது ஐம்பது என்று ஆகிறது. கடைசியில் வீடு மாறும்போது சாமான் தூக்க உதவி, பருவத்துக்குக் கொஞ்சம் மீன், வேட்டைக் கறி. அதற்குள் அவர்கள் எடுத்துப்போகும் பீங்கான் தட்டுகள் மீது அவளுக்குக் கண்.

கல்யாணத்தைப் பத்தியே எழுதினவங்க ஏன் கல்யாணம் பண்ணிக்கல?

கேட்டவர் இருந்தார். 1802 டிசம்பரில், 27 வயது முடிய இரண்டு வாரம் இருக்கும்போது, மேனிடவுன் என்ற எஸ்டேட்டின் வாரிசான ஹாரிஸ் பிக்-விதர் கேட்டார். சரி என்றார். இரவு கழிந்தது. காலையில் மாட்டேன் என்று சொல்லிவிட்டு அக்காவோடு வண்டியேறிவிட்டார். ஷார்லட்டுக்கும் 27 என்பதைக் கவனியுங்கள். ‘பெர்சுவேஷன்’ நாயகி ஆனுக்கும் அதே 27.

விலையும் கொடுத்தார். 1805இல் அப்பா இறந்ததும் அம்மாவும் பெண்களும் அண்ணன் தம்பிகள் தரும் பணத்தில் இருந்தார்கள். 1809இல் அண்ணன் எட்வர்ட் சாட்டனில் ஒரு வீடு கொடுத்த பிறகுதான் நிலைத்து உட்கார முடிந்தது. முதல் நாவலில் கிடைத்தது 140 பவுண்டு. ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ உரிமையை 110க்கு விற்றார். அண்ணன் மகளுக்கு 1814இல் எழுதும்போது, பிரியமில்லாமல் கட்டிக்கொள்வதைவிட எதையும் பொறுத்துக்கொள்ளலாம் என்கிறார். அதே பெண்ணுக்கு 1817இல், தனியாக இருக்கும் பெண்களுக்கு ஏழையாகிவிடும் வழக்கம் பயங்கரமாக உண்டு என்கிறார். இரண்டில் எதை நம்புவது என்று கேட்காதீர்கள், இரண்டையும் அவர் வாழ்ந்து பார்த்திருக்கிறார்.

கடைசியா ஒண்ணு, ஷார்லட் சந்தோஷமா இருந்தாளா இல்லையா?

ஷார்லட்டின் அந்த வீட்டிலிருந்து எலிசபெத் விடைபெறும் இடத்தைப் படியுங்கள். தோழியை விட்டுப் போவது அவளுக்கு வருத்தம். ஷார்லட் பரிதாபத்தை எதிர்பார்த்து நிற்கவில்லை. வீடு, வீட்டு நிர்வாகம், ஊர்க் காரியம், கோழிகள். இவையெல்லாம் அவளுக்கு இன்னும் அலுத்துப்போகவில்லை என்று எழுதுகிறார் ஆஸ்டின். அந்த ‘இன்னும்’ மேல் எங்கள் வட்டத்தில் ஒரு முழு ஞாயிறு போனது. வாட்ச்மேன் வந்து விளக்கை அணைத்த பிறகும் மாடிப்படியில் நின்று பேசிக்கொண்டிருந்தோம்.